மாமா ஜெயிக்கிற வீடு

உள்ள வாங்கம்மா. செருப்பு அங்கனயே கிடக்கட்டும். ஜெசிந்தாதானே? ஏஜென்சியிலேருந்து காலையிலயே போன் பண்ணிட்டாங்க. உக்காருங்க. எங்க மாமனார் உள்ள தூங்குதாங்க, அதனால கொஞ்சம் மெதுவாப் பேசிக்குவோம்.

முதல்லயே சொல்லிருதேன், உங்களுக்கு இங்க வேலை இல்ல. கோவிச்சிக்காதீங்க. வர வேண்டாம்னு சொல்லதுக்குத்தான் நானும் திருப்பிப் போன் பண்ணேன், நீங்க அதுக்குள்ள பஸ் ஏறிட்டீங்களாம். இந்த வெயில்ல பாளையங்கோட்டை வரைக்கும் வந்துட்டு வெறும் வாயோட போகக் கூடாது. மோர் இருக்கு, குடிச்சிட்டுப் போங்க.

உங்களக் கூப்பிட்டது எங்க நாத்தனார் கோமதி. அவ சென்னையில இருக்கா. எம் பொண்ணு அபிராமிக்கு பெங்களூர்ல பிரசவம். இந்த மாசக் கடைசின்னு சொல்லிருக்காங்க. தலைப்பிரசவம், நான் போகணும். நான் போனா மாமாவப் பாத்துக்க ஆள் வேணும்லா, அதுக்குத்தான் உங்களச் சொன்னது. ஆனா நான் போகல. முடிவு பண்ணிட்டேன். சம்பந்தியம்மா அங்கதான் இருக்காங்க, நல்ல மனுஷி, பாத்துக்குவாங்க.

ஏன் போகலன்னு கேக்கீங்க. நியாயந்தான். பெத்த பொண்ணு வயித்தப் பிடிச்சிட்டு உக்காந்துருக்கா, இவ என்னத்தக் கட்டிக் காக்கான்னு தோணும். உங்ககிட்ட சொன்னா என்ன, நீங்க இந்த வீட்டு ஆள் யாரையும் பாக்கப் போறதில்ல.

நான் இந்த வீட்டுக்கு மருமகளா வந்து இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. மாமா பேரு சிதம்பரதாணு. கலெக்டர் ஆபீஸ்ல பெரிய வேலையில இருந்தாங்க. அவங்களுக்கு ஒரே பழக்கம், செஸ். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து காப்பி குடிச்சதும் பலகைய விரிச்சிருவாங்க. பக்கத்து வீட்டு சார் ஒருத்தர் வந்து ஆடுவார். நான் கல்யாணம் ஆகி வந்த புதுசுல அந்த சார் மாத்தலாகிப் போயிட்டார். மாமா பலகைய விரிச்சு வச்சிட்டு தனியா உக்காந்துருக்காங்க. நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு ஆடத் தெரியும் மாமான்னு சொல்லிட்டேன்.

தெரியும்னா நல்லாவே தெரியும். காலேஜ்ல படிக்கும்போது யூனிவர்சிட்டி டீம்ல இருந்தேன். மதுரைக்கெல்லாம் போய் ஆடிருக்கேன். பொண்ணு பாக்க வந்தப்ப அதெல்லாம் யாரும் கேக்கல, நாங்களும் சொல்லல.

முதல் ஆட்டம் நான் ஜெயிச்சேன். சீக்கிரமே ஜெயிச்சிட்டேன், அதுதான் தப்பாப் போச்சு. மாமா பலகைய ஒரு தட்டுத் தட்டினாங்க, காயெல்லாம் சோபாவுக்கு அடியில போயிருச்சு. அன்னைக்குச் சாப்பிட வரல. மறுநாளும் எங்கிட்ட பேசல. எங்க வீட்டுக்காரங்கதான் என்னத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க, "தோத்துட்டுப் போயேன் மங்கை. உனக்கு என்ன குறைஞ்சிரும்?"

எனக்கு என்ன குறையும். மறுநாள் நானே காயெல்லாம் பொறுக்கி அடுக்கி வச்சுக் கூப்பிட்டேன். தோத்தேன். மாமா ரெண்டு இட்லி கூடச் சாப்பிட்டாங்க.

அதுலேருந்து தினமும் ஒரு ஆட்டம். தினமும் நான் தோத்தேன். கேக்கதுக்கு லேசா இருக்கும். மாமா ஒண்ணும் ஏமாளி இல்ல. சும்மா ராணியத் தூக்கிக் குடுத்தா கண்டுபிடிச்சிருவாங்க, என்ன விளையாட்டுக் காட்டுதியான்னு கேப்பாங்க. அவங்களுக்கு நெத்தி வேர்க்கணும். கொஞ்ச நேரம் தோத்துருவோமோன்னு பயம் வரணும். அப்புறம் நான் ஒரு இடத்துல கைய வைக்கணும், அது தப்புன்னு அவங்களுக்கு மட்டும் தெரியணும். இப்படி முக்கால் மணி நேரம் கொண்டு போகணும். ஜெயிக்கணும்னா அவங்க ராஜாவப் பாத்தாப் போதும். தோக்கணும்னா அவங்க முகத்தையும்லா பாக்கணும். நடுவுல குக்கர் சத்தம் வேற எண்ணிக்கிடணும். இதுல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, சொல்லிருதேன். வீட்டுல சத்தம் இல்ல, அதுதானே வேணும்.

வந்தவங்க போனவங்க கிட்டயெல்லாம் மாமா சொல்லுவாங்க, "என் மருமக நல்லாத்தான் ஆடுதா, கடைசியில புத்தி போயிரும்."

சரி, கதைக்கு வாரேன். மூணு வருஷம் இருக்கும். ஒரு நாள் மாமா ராணியக் கொண்டு வந்து என் குதிரை முன்னால வச்சாங்க. சும்மா நிக்குது. எடுத்தா ஆட்டம் முடிஞ்சது. பொறி வைக்காங்களோன்னு ரொம்ப நேரம் பாத்தேன். பொறி இல்ல. அவங்க பாக்கவே இல்ல. நான் எடுக்கல, வேற எங்கயோ ஒரு சிப்பாயத் தள்ளினேன். மாமா ஜெயிச்சாங்க.

அப்புறம் அடிக்கடி வந்துச்சு அது. கட்டம் மாத்தி வைப்பாங்க. இப்ப யாரு ஆடணும்னு கேப்பாங்க. ஒரு ஆட்டம் ஆடி முடிச்சதும் இன்னும் ஆடலியேன்னு மறுபடியும் அடுக்குவாங்க. அவங்க எவ்வளவு கீழ இறங்கினாங்களோ நான் அதுக்கும் ஒரு படி கீழ இறங்கணும். இல்லன்னா ஜெயிச்சிருவேன்லா. நல்லா ஆடுத ஆள்கிட்ட தோக்கலாம். ஒண்ணும் தெரியாம ஆடுத ஆள்கிட்ட தோக்கதுதான் பெரிய பாடு. அந்த வருஷம் எனக்குத் தலைவலி ஆரம்பிச்சது.

யார்கிட்ட சொல்ல? மாமாவுக்கு என்னமோ ஆகுதுன்னு சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. ஆட்டத்துல தெரியுதுன்னு சொல்லணும். அப்ப நீ எப்படித் தினமும் தோக்கேன்னு கேப்பாங்க. கேஸ் அடுப்ப ரெண்டு தடவை திறந்து விட்டுட்டாங்க, அத கோமதிகிட்ட போன்ல சொல்லிப் பாத்தேன். அவ சிரிச்சா. "நேத்தும் உங்களத் தோக்கடிச்சாங்களாமே மதினி. எங்க அப்பா மூளைக்கு என்ன?" அவ்வளவுதான். ஸ்கூட்டர எடுத்துட்டு வங்கிக்குப் போறேன்னு போனவங்க தென்காசி ரோட்டுல விழுந்து கிடந்தாங்க, வங்கிக்கும் அந்த ரோட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. கால்ல கட்டுப் போட்டுக் கூட்டிட்டு வந்தோம். அன்னைக்குச் சாயங்காலமும் பலகைய எடுன்னாங்க. ஜெயிச்சாங்க. எங்க வீட்டுக்காரங்க, விசாரிக்கப் போன் பண்ணினவங்ககிட்டயெல்லாம் அதச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாங்க. அவங்க தூத்துக்குடியில உப்புக் கம்பெனியில இருக்காங்க, சனிக்கிழமை வந்து திங்கக்கிழமை போயிருவாங்க. வந்தா ஆட்டம் நடக்கும்போது அவங்க டிவி பாப்பாங்க.

போன கோடையில என் கொழுந்தன் ஆவுடையப்பன் கனடாவுலேருந்து லீவுல வந்தாங்க. கம்ப்யூட்டர் வேலை. அவங்களுக்கும் சின்ன வயசுல மாமா ஆடக் கத்துக் குடுத்தாங்க, ஆனா பையன் பொறுமை இல்லாதவன்னு விட்டுட்டாங்க. வந்தவங்க அப்பா பக்கத்துல உக்காந்து நாங்க காய நகத்த நகத்த ஒவ்வொரு ஆட்டத்தையும் போன்ல தட்டி ஏத்தினாங்க. நான் என்னமோ படம் பிடிக்காங்கன்னு நினைச்சேன். ரெண்டு வாரம் இப்படிப் போச்சு. ஒரு நாள் நான் துணி மடிக்கேன், வந்து முன்னால உக்காந்தாங்க. முகமே சரியில்ல.

அவங்க சொன்னத எனக்கு விளங்கின மாதிரி சொல்லுதேன். யாரு ஜெயிச்சாங்க யாரு தோத்தாங்கன்னு பாத்து ஒருத்தர் எப்படி ஆடுதாங்கன்னு சொல்ல முடியாதாம். எதிர்ல உக்காந்துருக்கவன் மோசமா இருந்தா எவனும் ஜெயிச்சிருவான்லா. அதனால அந்த போன்ல ஒரு புரோகிராம் இருக்கு. நாம ஒரு காய நகத்தினா, அந்த நேரத்துல எது ரொம்ப நல்ல ஆட்டமோ அதோட அத வச்சு ஒத்துப் பாக்கும். எவ்வளவு பக்கத்துல இருக்கோ அவ்வளவு மார்க்கு, நூத்துக்கு. ஜெயிச்சாலும் தோத்தாலும் அதுக்கு அக்கறை இல்ல. ஆளையும் பாக்காது, வயசையும் பாக்காது.

"அப்பாவுக்கு நாப்பதுக்குக் கீழ வருது மதினி. இப்பத்தான் ஆடக் கத்துக்கிடுத பிள்ளைக்கு அவ்வளவு வரும். ஆனா எல்லா ஆட்டத்துலயும் ஜெயிக்காங்க."

நான் துணிய மடிச்சிட்டே இருந்தேன்.

"உங்க ஆட்டத்தத் தனியாப் பாத்தேன். அப்பா தப்புப் பண்ணாத வரைக்கும் நீங்களும் தப்புப் பண்ணல. அப்பா ஒரு தப்புப் பண்ணினா அடுத்ததுல நீங்க ஒண்ணு பண்ணுதீங்க. அவங்க சின்னதாப் பண்ணினா நீங்களும் சின்னதா. பெருசாப் பண்ணினா நீங்களும் பெருசா. தராசுல நிறுத்துப் போட்ட மாதிரி. எத்தன வருஷமா இது?"

மாட்டிக்கிட்டேன்னு சொல்லுவாங்களே, நான் அப்படி நினைக்கல. நான் என்ன திருடினேனா? ஆனா கை மடிச்ச துணியையே மறுபடி மடிச்சிட்டு இருந்துச்சு.

அந்தத் தப்பெல்லாத்தையும் கழிச்சிட்டு என் மார்க்க மட்டும் பாத்தாங்களாம். தொண்ணூத்தி ஆறோ என்னமோ. தொண்ணூத்தி ஆறு புள்ளி ரெண்டு. எனக்கு அதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கு. கனடாவுல அவங்க கிளப்புல ஒருத்தனுக்கும் அது வராதுன்னாங்க. அதப் பாராட்டுத மாதிரிச் சொல்லல. போலீஸ்காரன் சொல்லுத மாதிரிச் சொன்னாங்க.

மறுநாளே மாமாவ நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. தலைய ஸ்கேன் பண்ணினாங்க. ஞாபகம் போற வியாதி, ரொம்ப நாளாவே இருக்கு, முன்னாடியே வந்திருந்தா மாத்திரையில கொஞ்சம் நிறுத்தி வச்சிருக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார். அவர் சொன்னது ஒரு வார்த்தை. அதப் பிடிச்சிக்கிட்டா கோமதி. போன்ல அழுதா. "எங்க அப்பாவ வச்சு ஏமாத்திட்டீங்களே மதினி, எத்தன தடவை உங்ககிட்ட கேட்டேன்"ன்னா. அவ எங்க கேட்டா? நான்தான் சொன்னேன், அவதான் சிரிச்சா. எங்க வீட்டுக்காரங்க ஒரு வார்த்தை எனக்காகப் பேசல. "நீ வேணும்னே தோக்கேன்னு எனக்கே தெரியாதே"ன்னாங்க. தோத்துட்டுப் போன்னு சொன்னதே அவங்கதான், நீங்களே கேட்டீங்கல்லா. அவங்களுக்கு அது மறந்தே போச்சு. மாமாவுக்கு மட்டுந்தான் மறதி வியாதின்னு ஸ்கேன்ல வந்துருக்கு.

இன்னும் கொஞ்சம் மோர் விடட்டுமா? குடிங்க, நிறைய இருக்கு.

ஆவுடைத் தம்பி ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு ஏற்பாடு பண்ணிட்டுப் போனாங்க. மாத்திரை வேலை செய்யுதா இல்லையான்னு தெரியணும். டாக்டர் மாசத்துக்கு ஒரு தடவை பாக்கார், அது பத்தாது. நீங்க தினமும் அப்பாவோட ஆடுங்க, ஆட்டத்த இந்தப் போன்ல ஏத்துங்க, நான் அங்கேருந்து மார்க்கப் பாத்துக்கிடுதேன்னாங்க. அப்புறம் எந்திரிச்சு நின்னு, "இனிமே நிஜமா ஆடணும் மதினி. நீங்க விட்டுக் குடுத்தா எனக்குத் தெரிஞ்சிரும்"ன்னாங்க.

சரின்னுட்டேன். நிஜமா ஆடினேன்.

முதல் நாள் ரொம்ப நேரம் ஆகல. மாமா பலகையவே பாத்துட்டு இருந்தாங்க. எங்கிட்ட, "இது யாரு ஆடினது?"ன்னு கேட்டாங்க. நான்தான் மாமான்னேன். "அப்ப நான் எங்க இருந்தேன்?"ன்னாங்க. அன்னைக்கு நான் பாயசம் வச்சிருந்தேன். என்ன விசேஷம்னு மாமா கேட்டாங்க. ஒண்ணுமில்ல மாமா, பால் மிஞ்சிருச்சின்னு சொன்னேன். நிஜமாவே பால் மிஞ்சினதுதான்.

அப்புறம் தினமும் அதே கதை. முன்னாடியெல்லாம் பலகைய எடுன்னு அவங்கதான் கேப்பாங்க. இப்ப சாயங்காலம் ஆனா முழுக்கைச் சட்டை போட்டு, தலை சீவி, பெரிய ஆபீசரப் பாக்கப் போற மாதிரி உக்காந்துருப்பாங்க. தோத்ததும், "நான் என்ன தப்புப் பண்ணினேன்?"ன்னு கேப்பாங்க. ஆட்டத்துல என்ன தப்புன்னு கேக்கல. என்னமோ நான் தண்டனை குடுக்கேன், எதுக்குன்னு தெரியல, அதக் கேக்காங்க. ஒரு நாள் எந்திரிச்சு வந்து என் பக்கம் நின்னாங்க. "இன்னைக்கு நான் இந்தப் பக்கம் உக்காருதேன், இந்தப் பக்கம் உக்காந்தவங்கதான் ஜெயிக்காங்க"ன்னாங்க. மாறி உக்காந்தோம். அங்கேருந்தும் தோத்தாங்க. நான் என்னம்மா செய்ய? போன் பாத்துட்டு இருக்கு.

சாப்பாடு குறைஞ்சது. வேட்டி நிக்காம ஆச்சு. ஆவுடைத் தம்பிகிட்ட சொன்னா, மார்க்கு இன்னும் இறங்குது, டோஸக் கூட்டச் சொல்லுதேன்னாங்க. அபி உண்டாயிருக்கான்னு தெரிஞ்சதும் அந்த வாரந்தான், நான் பிரசவத்துக்குப் போகணுமேன்னு கோமதி உங்க ஏஜென்சியில பேரக் குடுத்து வச்சது.

ஒரு நாள் மாமா ஆடாமலே ராஜாவப் படுக்க வச்சிட்டாங்க. ஒரு காய்கூட நகத்தல. "தோத்துட்டேன்ம்மா, போதும்லா"ன்னாங்க.

அன்னையோட விட்டுட்டேன். மறுநாள் பழையபடி தோத்தேன். ஒரு யானை, ஒரு குதிரை, ராணி எல்லாத்தையும் குடுத்துத் தோத்தேன். மாமா சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க.

போனுக்கு என்ன செய்ய? அதுக்கு ஒரு ஆட்டம் வேணும். காலையில அரிசி களையும்போது, காய் நறுக்கும்போது, மனசுக்குள்ளயே ஒரு ஆட்டம் ஆடி, அத போன்ல ஏத்திருவேன். ரெண்டு பக்கமும் நான்தான். என் பக்கம் நான் ஆடுத மாதிரி ஆடுவேன். மாமா பக்கம், நான் இந்த வீட்டுக்கு வந்த புதுசுல அவங்க எப்படி ஆடுவாங்களோ அப்படி. குதிரைய முந்திக் கொண்டாருவாங்க, சிப்பாயக் குடுக்க மனசே வராது, கோவம் வந்தா யானைய எடுத்து நேராப் பாயுவாங்க. அவங்க மாதிரி ஆட இப்ப எனக்கு மட்டுந்தான் தெரியும். அவங்களுக்கே தெரியாது. ஒரு நாள் அவங்க ஜெயிப்பாங்க, ஒரு நாள் நான் ஜெயிப்பேன். சில நாள் சமமா முடியும், அன்னைக்கு எனக்குக் குழம்பே ருசியா வரும். இத்தன வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் ஒழுங்கா ஆடுன ஆட்டம் அதுதான்னு நினைக்கேன்.

மாமா மார்க்க ஒரேயடியா ஏத்தல. கொஞ்சங் கொஞ்சமா ஏத்தினேன். முதல்ல அம்பது, அப்புறம் அறுபது. ஆவுடைத் தம்பிக்கு சந்தோஷம் தாங்கல. மாத்திரை நல்லா வேலை செய்யுதுன்னு டாக்டருக்கு எழுதினாங்க. டாக்டர் அடுத்த மாசம் மாமாவப் பாத்துட்டு நெத்தியச் சுருக்கினார், ஆனா அந்த மார்க்கப் பாத்துட்டு அதே மாத்திரையவே எழுதிக் குடுத்தார். கோமதி எங்கிட்ட மறுபடி பேச ஆரம்பிச்சா.

இப்பத்தான் சிக்கல். அபி போன் பண்ணுதா. "தாத்தாவுக்கு நல்லாயிருச்சாமேம்மா, சித்தப்பா சொன்னாங்க. ஒரு ஆளப் போட்டுட்டு வாயேன். நீ வர மாட்டியா?"ன்னு கேக்கா. அழுதுட்டுத்தான் கேக்கா. நான் என்ன சொல்ல? உங்கள இங்க விட்டுட்டுப் போனா, நீங்க சாயங்காலம் மாமா எதிர்ல உக்காரணும். நீங்க ஆடத் தெரியாதவங்கன்னாலும் அவங்களுக்குக் குதிரை எது யானை எதுன்னு தெரியலங்கது முதல் நாளே தெரிஞ்சிரும். கோமதிகிட்ட சொல்லுவீங்க, சொல்லணும், அதுதான் உங்க வேலை. ஆடத் தெரிஞ்சவங்களா இருந்தா அது இன்னும் மோசம். ஜெயிச்சிருவீங்க. இவ்வளவு மோசமா ஆடுத ஆள்கிட்ட ஒருத்தரும் தோக்க முடியாதும்மா. பழகணும். எத்தன வருஷம் பழகினேன் நான்.

நீங்க அப்படிப் பாக்காதீங்க. எனக்கு ஒரு குறையும் இல்ல. குழந்தைய அப்புறமாப் பாத்துக்கலாம். அது எங்க போகுது?

இருங்க, இருமுத சத்தம் கேக்குது. எந்திரிச்சிட்டாங்க.

வாங்க மாமா. இவங்க ஜெசிந்தா, சும்மா பாத்துட்டுப் போக வந்தாங்க. இல்ல மாமா, கோமதி இல்ல, கோமதி சென்னையில இருக்கா. பலகைதானே, இந்தா எடுக்கேன். நீங்களே அடுக்குங்க.

பாருங்க, ராஜாவ மூலையில வைக்காங்க. ஒண்ணும் சொல்லிராதீங்க. எப்படி வச்சாலும் நான் அதுக்குத் தக்கன ஆடிக்கிடுவேன். நல்லாருக்கு மாமா, நீங்கதான் முதல்ல. பாத்தீங்களா, ரெண்டு காய ஒரே கையில நகத்திட்டாங்க. ஆமா மாமா, செக்தான். நான் கவனிக்கவே இல்லையே.

போன் அபிதான். அடிக்கட்டும், அப்புறம் பேசிக்கிடுதேன்.

கெளம்பிட்டீங்களா? சரிம்மா. எனக்கு ஒரு உபகாரம் பண்ணுங்க. போகும்போது கதவ இழுத்துச் சாத்திட்டு வெளித் தாழ்ப்பாளப் போட்டுட்டுப் போயிருங்க. ஆமா, வெளிப் பக்கந்தான். உள் தாழ்ப்பாளத் திறந்துட்டுத் தெருவுல இறங்கிப் போயிருதாங்க, நான் ஆட்டத்துல இருந்தா கவனிக்க முடியல. எதிர்வீட்டு அக்காதான் தினமும் வந்து போடுவாங்க, இன்னைக்கு நீங்க போட்டுருங்க. பால்காரம்மா வரும்போது திறந்து விடுவா.

கொஞ்சம் இறுக்கமா இருக்கும். கதவ உங்க பக்கமா இழுத்துப் பிடிச்சிட்டுத் தள்ளுங்க. இன்னும் கொஞ்சம்.

ம், விழுந்துருச்சு. மாமா, உங்க ஆட்டம்.